தணிகாசலம் என்னும் திருவிழா

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு. மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை போட்ட நாற்காலியில், தொழிலாளர் ஆரோக்கிய ரட்சணைக் கழகத்தின் திருவள்ளூர் வட்டார அதிகாரி தேசிகன். அவருக்கு வலப்பக்கம், விசிறிக் காற்று பாதி மட்டும் படும் இடத்தில், கழகத்தின் மருத்துவ ஆலோசகர் டாக்டர் பாக்கியநாதன்; அவருக்கு ஜலதோஷம். இடப்பக்கம் கணக்கு அதிகாரி ஸம்பத்குமார்; விதிப் புத்தகங்களை முன்னால் அடுக்கியிருந்ததால் நெற்றிக்குக் கீழே அவர் தெரியவில்லை. கதவோரம் ஒரு ஸ்டூலில், மடியில் பூட்டிய மருந்துப் பெட்டியுடன், கும்மிடிப்பூண்டி மருந்தகத்தின் கம்பவுண்டர் சாராள் அம்மாள். கதவுக்கு வெளியே பியூன் சடையப்பன், கூப்பிட்டால் வந்துவிடக்கூடிய தூரத்தில், ஆனால் கூப்பிடுவது காதில் விழாத தூரத்தில்.

யார் விஷயமாகக் கூட்டம் கூடியதோ அந்தத் தணிகாசலத்துக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதன்மேல் தணிகாசலம் பற்றிய பைல் உட்கார்ந்திருந்தது. ஆகவே அவன் நின்றான். அவனுடைய உடம்பு தேறத் தேற அந்த பைலும் பருத்து வந்திருந்தது. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அவனுக்குக் கனமான பொருள் தூக்கக் கூடாது. பக்கத்தில் அவன் அக்கா முத்தம்மா. அவள் கூட்டத்தில் நிற்பதற்குக்கூட விதியில்லை. சிறுநீரகத்தைக் கொடுத்தவள் என்பதால், ‘பொருள் வழங்கியவர்’ என்று எழுதி நிற்க அனுமதித்தார்கள்.

விவாதப் பொருள் ஒரே வரிதான். வராத நோய்க்கு மருந்து கொடுக்கலாமா?

தணிகாசலத்துக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. ஊர் எளாவூர். அங்கே மாநில எல்லைச் செக்போஸ்டில் காகிதம் காட்டக் காத்துக்கிடக்கும் லாரிக்காரர்களுக்கு நாஷ்டாக் கடை வைத்திருந்தாள் முத்தம்மா. 1978 மழைக்காலத்தில் தணிகாசலத்தின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்தன. தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்றால் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். இங்கே அந்த வழி இல்லை. முத்தம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்து இவனுக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது பேப்பரில் போடுகிற சமாசாரம். போட்டார்கள்; படத்தில் டாக்டர்கள் மட்டும் இருந்தார்கள்.

ஊருக்குப் புறப்படும்போது அங்கிருந்த பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். உடம்புக்கு அந்நியப் பொருள் ஆகாது. கூடப்பிறந்தவளுடையதே ஆனாலும் தள்ளிவிடப் பார்க்கும். தள்ளாமல் இருக்க, உடம்பின் காவலைத் தூங்கவைக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிட வேண்டும். காவல் தூங்கினால் தெருவில் போகிற கிருமியெல்லாம் உள்ளே நுழையும். அது நுழைவதற்கு முன்பே தடுக்க, ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஆறு மாதத்துக்கு விடாமல் சாப்பிட வேண்டும். கூட்டத்துக்குள் போகக்கூடாது, இருமுகிறவர் பக்கத்தில் நிற்கக்கூடாது, வெளியே போனால் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கிருமி ஏதாவது தொற்றிவிட்டால் வைத்த சிறுநீரகம் போய்விடலாம். அப்புறம் அக்காவிடம் இன்னொன்று கேட்க முடியாது. அது அவளுக்கே வேண்டும்.

இது இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டி மருந்தகத்தில் மூன்று ஜன்னல்கள். காய்ச்சல், காயம், இதர. ‘இதர’ ஜன்னலுக்கு முன்னால் பல வருஷங்களாக ஓர் அலமாரி நின்றது. ஆகவே தனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லவந்த தணிகாசலம், காய்ச்சல்காரர்களின் வரிசையில், முன்னால் இருமுகிறவருக்கும் பின்னால் தும்முகிறவருக்கும் நடுவில் நின்றான். காவலைத் தூங்கவைக்கும் மாத்திரைகளைச் சாராள் அம்மாள் தாராளமாகக் கொடுத்தார். ஆபரேஷன் நடந்தது உண்மை. அதற்குச் சான்றிதழ் உண்டு. ஆன்டிபயாடிக் என்று வந்தபோதுதான் அவருடைய பேனா நின்றது. பதிவேட்டில் நோயின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் மருந்து ஜன்னலைத் தாண்டாது.

“புட்டி இதோ கீதுப்பா, கண்ணால பாத்துக்க. வராத நோய எழுதினா பொய்க் கணக்கு. காய்ச்சல் வந்த உடனே வா, நிக்கவே வேணாம், நேரா உள்ள வந்துடு.”

“காய்ச்சல் வரக்கூடாதுன்னுதாம்மா மாத்திர கேக்கறேன்.”

“அதுக்கு ஜன்னல் இல்லியே,” என்றார் சாராள் அம்மாள். அவர் நல்ல மனுஷி. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

வெளியே கடையில் வாங்கிவிடலாம் என்று முத்தம்மா கிளம்பினாள். அதற்கும் விதி இருந்தது. கழகத்தின் சிகிச்சையில் இருப்பவர் வெளிமருந்து வாங்கினால் கழகத்தின் மருந்தை மறுத்ததாகக் கொள்ளப்படும். மற்ற மாத்திரைகளும் நின்றுபோகும். அந்த மற்ற மாத்திரைகளோ ஊர்க் கடைகளில் கிடைக்காதவை. ஆஸ்பத்திரியில் கட்டிக்கொடுத்த ஆன்டிபயாடிக் பொட்டலம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது.

கழகத்தின் மருத்துவ ஆலோசகர் பார்த்துச் சொன்னால் உண்டு என்றார்கள். தணிகாசலம் திருவள்ளூருக்குப் போய் டாக்டர் பாக்கியநாதன் முன்னால் நின்றான். முகத்தில் துணி கட்டியிருந்ததால் முதலில் அது மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிகாரிகள் முன்னிலையில் துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. அது தோள் துண்டுக்கு மட்டுமா முகத் துண்டுக்குமா என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை. அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தான். டாக்டர் அவன் நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நாடி பிடித்தார், மூன்று முறை அவன்மேல் தும்மினார். பிறகு, இந்த வருஷம் கழகத்தின் வாசலை மிதித்தவர்களில் இவ்வளவு ஆரோக்கியமான ஆளைத் தாம் பார்த்ததில்லை என்று மனமாரப் பாராட்டி, அதையே சான்றிதழாகவும் எழுதிக் கொடுத்தார். பூரண ஆரோக்கியம். ஆகவே மருந்துக்குத் தகுதியில்லை.

அந்தச் சான்றிதழை எதிர்த்து முத்தம்மா மேலே எழுதிப் போட்ட மனுவால்தான் இந்தக் கூட்டம்.

டாக்டர் பாக்கியநாதன் முதலில் பேசினார். நோய் வருமுன் மருந்து கொடுக்கும் முறை மருத்துவ நூல்களில் இருப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நூல்கள் கழகம் அங்கீகரித்த புத்தகப் பட்டியலில் இல்லை. தாம் அவற்றைத் தம் வீட்டில், தனிப்பட்ட முறையில்தான் படித்தார். வீட்டில் படித்ததை ஆபீஸில் பயன்படுத்துவது முறையல்ல என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்.

தணிகாசலம் மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்தான். கூட்டம் முடியும்வரை இடம் மாறக்கூடாது என்று அவனைப் பழைய இடத்துக்கே வரவழைத்தார்கள்.

பிறகு தேசிகன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கொள்கை பேசப்போகிறார் என்று அர்த்தம்.

“இந்தக் கழகம் எதுக்கு ஏற்பட்டது? நோயாளிகளுக்கு. நோய் வரத்துக்கு முன்னாடியே எல்லாருக்கும் மருந்தக் கொடுத்துட்டோம்னு வெச்சுக்கோங்கோ. நோய் வராது. நோய் வரலேன்னா நோயாளி ஏது? நோயாளி இல்லேன்னா இந்தக் கட்டடம் எதுக்கு, இந்த விசிறி எதுக்கு, நான்தான் எதுக்கு? தொழிலாளியோட ஆரோக்கியத்துக்காகக் கழகத்தோட ஆரோக்கியத்தப் பலி கொடுக்க முடியாது.”

ஸம்பத்குமார் இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். முத்தம்மாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“இன்னா சார் பேஜாரு இது. கதவத் தொறந்து வுடற மாத்திரைய அள்ளி அள்ளிக் குடுக்கறீங்க. வாசல்ல நின்னு காவல் காக்கற மாத்திரைய கேட்டா திருடன் வரட்டும், அப்பால தரேன்றீங்க. திருடன் வந்து பூந்துகினு போனப்பறம் காவலுக்கு ஆளு எதுக்கு?”

பொருள் வழங்கியவருக்குப் பேசும் உரிமை இல்லை என்று தேசிகன் நினைவூட்டினார். ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் இரக்கம் தட்டியிருக்க வேண்டும். ஏதாவது வழி இருக்கிறதா என்று இடப்பக்கம் திரும்பிக் கேட்டார்.

விதிப் புத்தகங்களுக்குப் பின்னால் வெகுநேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஸம்பத்குமாரின் முகம் முழுவதுமாக வெளியே வந்தது. அன்றுதான் தணிகாசலம் அவருக்கு மீசை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டான். நோய் இல்லாதவனுக்கு மருந்து கொடுக்கக் கழகத்தில் ஒரே ஒரு கணக்குத் தலைப்பு உண்டு என்றார் ஸம்பத்குமார். அதன் பெயர் ‘திருவிழாக் கால முன்தடுப்பு’. தை அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் முழுக வரும் ஜனங்களை வழியிலேயே நிறுத்திக் காலரா ஊசி போடுகிறோமே, அவர்களில் ஒருவருக்காவது காலரா உண்டா? இல்லை. ஆனாலும் போடுகிறோம். ஏன்? திருவிழா.

கூட்டத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. தணிகாசலத்தை ஆறு மாதத்துக்கு ஜில்லாவில் எங்கெங்கே திருவிழாவோ அங்கெல்லாம் அனுப்பிவைக்கலாம், திருப்பாச்சூரில் ஆரம்பிக்கலாம் என்று ஸம்பத்குமார் யோசனை சொன்னார். கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதை டாக்டர் பாக்கியநாதன் தும்மலுக்கு நடுவே சுட்டிக்காட்டினார். மறுபடி இருட்டு.

தேசிகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் மாட்டிக்கொண்டால் முடிவு சொல்லப்போகிறார் என்று அர்த்தம். மனுஷன் திருவிழாவுக்குப் போக முடியாதென்றால் திருவிழா மனுஷனிடம் போகட்டும் என்றார். அன்று நிறைவேறிய தீர்மானத்தின் வாசகம் இது: ‘எளாவூர்வாசி தணிகாசலம் அவர்கள் ஆறு மாத காலத்துக்கு ஒரு திருவிழாவாக இதனால் அறிவிக்கப்படுகிறார்.’

தணிகாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரை உண்டா என்று மட்டும் சாராள் அம்மாளிடம் கேட்டான். திருவிழா ஏற்பாடெல்லாம் முடிந்ததும் உண்டு என்றார் அவர். சரி என்று இருவரும் பஸ் ஏறாமல், தெரிந்த லாரி ஒன்றின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கழகத்தில் கடிதங்கள்தான் தாமதம். பிளீச்சிங் பவுடர் தாமதமில்லை. மூன்றாம் நாளே வண்டி வந்தது. தணிகாசலத்தின் வீட்டைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல் வெள்ளை வளையம் போட்டார்கள். மருந்து கலந்த தண்ணீர் பீப்பாய் இரண்டு இறங்கியது. பின்னால் இருந்த கத்திரிப் பாத்தியில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாகத் தற்காலிகக் கழிப்பிடம் தோண்டினார்கள். ‘கண்ட இடத்தில் துப்பாதீர்கள்’ என்று ஒரு பலகை. அதை ஆணி அடித்தவர் துப்பிவிட்டுத்தான் அடித்தார். கடைசியாக ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி இல்லாத திருவிழா தணிக்கையில் தேறாது என்று அதைக் கூரைமேல் கட்டி, கையோடு பக்திப் பாட்டும் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒலிபெருக்கி கேட்டால் ஜனம் சும்மா இருக்குமா? முதலில் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். பிறகு செக்போஸ்டில் நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்களும் கிளீனர்களும் இறங்கி வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வளையல்காரர் வந்து கடை விரித்தார். சாயங்காலத்துக்குள் பலூன்காரர், பொரிகடலைக்காரர், ஒரு குடை ராட்டினம். என்ன திருவிழா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருவர் உள்ளே ஒரு ஆள் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு மௌனவிரதம் இருப்பதாகச் சொல்ல, தேங்காய் பழத்தட்டோடு வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல், சாமி கையால் தொட்டால் போய்விடும் என்று இரண்டு பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

முத்தம்மா தோசைக் கரண்டியோடு வாசலில் உட்கார்ந்தாள். “யாருக்கும் தரிசனம் இல்ல, போங்க. அது சாமி இல்ல, என் தம்பி. ஒடம்புக்கு வர்ற வரைக்கும் உங்ககூட டீ குட்ச்சிகினு இருந்தவன்தான்.” இப்படி மறுப்பதே ஒரு மகிமையாகப் பட்டதால் வரிசை இன்னும் நீண்டது. தணிகாசலம் உள்அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டு, ஒரே ஒரு நினைப்பாக இருந்தான். பொட்டலத்தில் மாத்திரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன.

அந்த வாரம் ஸம்பத்குமார், மருந்துப் பெட்டியோடு சாராள் அம்மாளையும் கூட்டிக்கொண்டு, திருவிழாவைத் தணிக்கை செய்ய வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வெள்ளை வளையம் சரி, பீப்பாய் சரி, துப்பாதீர்கள் சரி. அவர் சைகை காட்டியதும் சாராள் அம்மாள் பெட்டியைத் திறந்தார். தணிகாசலம் ஜன்னலின் ஈரத்துணியை விலக்கிக் கையை நீட்டினான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாராள் அம்மாள் அந்த மாத்திரைகளைத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக வினியோகிக்க ஆரம்பித்தார். டிரைவர்கள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிளீனர் பீடி வைக்கும் இடத்தில், காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். வளையல்காரர் வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கினார். மருந்துச் சீட்டுடன் ஓடிவந்த முத்தம்மாவிடம் ஸம்பத்குமார் பொறுமையாக விளக்கினார்.

“முன்தடுப்பு மருந்து திருவிழாவுக்கு வரவாளுக்கு, அம்மா. திருவிழாவுக்கு இல்லை. தேரோட்டத்துக்கு வந்த ஜனங்களுக்கு ஊசி போடுவோம். தேருக்கு எப்படிப் போடறது?”

“சார், அவன் மனுசன் சார்.”

“தீர்மானத்தில் அப்படி இல்லையே,” என்றார் ஸம்பத்குமார்.

அன்று தணிகாசலத்தின் குடும்பத்தைத் தவிர எளாவூரில் இருந்த அத்தனை பேரும் கிருமித் தொற்றிலிருந்து பாதுகாக்கப்பட்டார்கள்.

முத்தம்மா அழவில்லை. கடைக்குப் போய் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் காலையில் குளித்து, இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கைநிறைய வளையல் போட்டுக்கொண்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் போனாள். வழியில் அவன் எதற்கு இந்தப் புடவை என்று கேட்டதற்கு, பேசாம வா நைனா, இருக்கிற மூச்சைத் துணிக்குள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

அவசரக் கூட்டம் கூடியது. அதே ஆட்கள், அதே இடங்கள்; தணிகாசலம் இப்போது திருவிழா ஆகிவிட்டபடியால் அவனுக்கு நாற்காலி போடும் கேள்வியே எழவில்லை. சாராள் அம்மாளின் பெட்டியில் இன்னும் மாத்திரைகள் மிச்சமிருந்தன. தணிகாசலத்தின் பொட்டலத்தில் அன்றைக்கு உண்டானது மட்டும். முத்தம்மா அனுமதி கேட்காமல் மேசைக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“ஐயா, இவன் திருவிழாவா இருக்க வேணாம். என்னை ஆக்கிடுங்க. நான் திருவிழா. இவன் என்னைப் பாக்க வர்ற சனம். வந்தவங்களுக்குத்தான மாத்திர? இதோ வந்துகினு நிக்கறான், குடுங்க.”

கழகத்தின் வரலாற்றில் ஒருவர் தாமாகத் திருவிழாவாக முன்வந்தது இதுவே முதல் தடவை.

ஒரே ஓர் ஆள் வந்தால் அது திருவிழாவா என்று தேசிகன் கேட்டார். ஸம்பத்குமார் புத்தகங்களைப் புரட்டினார். ஒரு திருவிழாவுக்கு அதிகபட்சம் எத்தனை பேர் என்று விதியில் உண்டு, குறைந்தபட்சம் இல்லை. எழுதியவர்கள் இப்படி ஒரு நிலைமையை எதிர்பார்க்கவில்லை, ஆகவே தடுக்கவும் இல்லை என்றார்.

தேசிகன் விடவில்லை; கண்ணாடியைக் கழற்றினார். திருவிழா என்றால் ஏதாவது ஒரு விசேஷம் இருக்க வேண்டும். ஜனங்கள் வந்து சேவிக்க ஒரு காரணம் வேண்டும். இந்த அம்மாளிடம் பார்க்க என்ன இருக்கிறது?

“பாக்க ஒண்ணும் இல்ல சாமி. என் கிட்னி ஒண்ணு அவன் வயித்துல குந்திகினு கீது. அது பொறந்த ஊட்ட ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு தெனம் வருது. கால் இல்லாததால இவன் தூக்கிகினு வரான். அதுக்கு எதாச்சும் ஆயிடுச்சின்னா குடுக்கறதுக்கு எங்கிட்ட வேற இல்ல.”

கடைசி வரியை அவள் வேறு குரலில் சொன்னாள். டாக்டர் பாக்கியநாதன் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, மருத்துவ ரீதியில் அந்தச் சிறுநீரகம் அந்த அம்மாளுடையதுதான், இடம் மட்டுமே மாறியிருக்கிறது என்று கருத்துச் சொன்னார். அன்று கழகத்தில் சொல்லப்பட்டவற்றில் அது ஒன்றுதான் அங்கீகரித்த புத்தகத்தில் இல்லாதது, யாரும் கவனிக்கவில்லை.

தேசிகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறந்தகம் வருவது சம்பிரதாயத்தில் உள்ளதுதான் என்றார். பெருமாளுக்கே தாயார் சன்னிதிக்கு எழுந்தருளும் நாள் உண்டு. ஆகவே தணிகாசலம் திருவிழாப் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டான். முத்தம்மா திருவிழாவாக அறிவிக்கப்பட்டாள். ஒலிபெருக்கியை என்ன செய்வது என்ற கேள்விக்கு, திருவிழா பேசுகிற சத்தமே போதுமானது என்று தேசிகன் தீர்ப்புச் சொன்னார். சாராள் அம்மாள் எழுந்து, பெட்டியைத் திறந்து, நோயின் பெயர்க் கட்டத்தில் ‘திருவிழா’ என்று எழுதி, புட்டியை அப்படியே தணிகாசலத்தின் கையில் வைத்தார். அவன் ஒரு மாத்திரையை எடுத்து, அக்கா கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரில் அங்கேயே விழுங்கினான். ஜனத்தில் நூற்றுக்கு நூறு பேருக்கும் மருந்து வழங்கப்பட்டது என்று ஸம்பத்குமார் குறித்துக்கொண்டார். கழகத்தின் எந்தத் திருவிழாவிலும் எட்டாத எண்ணிக்கை அது.

இருவரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தேசிகன் கையைக் காட்டி நிறுத்தினார். இது புதுமையான ஏற்பாடு. மதராஸ் தலைமை ஆபீஸின் ஒப்புதல் இல்லாமல் நிலைக்காது. அவர்கள் கூடாது என்று எழுதிவிட்டால் மாத்திரையை நிறுத்தி, கொடுத்ததையும் திரும்ப வாங்க வேண்டிவரும்.

தணிகாசலம் புட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முத்தம்மாவின் முகம் சுண்டிவிட்டது. ஒப்புதல் வரும்வரை என்ன செய்வது என்று கேட்டாள். அதுவரை இப்போதுள்ள ஏற்பாடே தொடரும், விதி அப்படித்தான் என்றார் ஸம்பத்குமார். பதில் எப்போது வரும் என்று தணிகாசலம் கேட்டான். அவன் அந்த ஆபீஸ் அதிகாரிகளிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

தேசிகனுக்குச் சற்று ரோஷம் வந்துவிட்டது.

“எழுதின எந்தக் கடுதாசிக்கும் தலைமை ஆபீஸ் பதில் போடாம இருந்ததே கிடையாது. இந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் வரதுக்கு முன்னாடி நான் ஒரு மண்ணெண்ணெய் விளக்குக் கேட்டு எழுதினேன். போன சித்திரையில பதில் வந்துடுத்து. அங்க இருட்டு உண்டான்னு கேட்டிருக்கா.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டியிருந்த துணிக்குமேல் தணிகாசலத்தின் கண்கள் சிரித்தன. ஆபரேஷனுக்குப் பிறகு முத்தம்மா அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

முத்தம்மா மிகவும் பணிவாக, கடிதத்தை உடனே எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ரிஜிஸ்தர் தபால் வேண்டாம், ஏழைகளுக்காகக் கழகம் செலவு செய்யக்கூடாது, சாதாரணமாகவே போகட்டும். முறைப்படி யார் யாரிடம் போக வேண்டுமோ அத்தனை பேரிடமும் போய்விட்டுப் போகட்டும், ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்றாள். பயனாளி ஒருவர் முறையான வழியின் அருமையை இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதைத் தம் உத்தியோகத்தில் தாம் கண்டதில்லை என்று தேசிகன் நெகிழ்ந்துபோனார். கடிதம் முதலில் குறிப்புரைக்காகக் கும்மிடிப்பூண்டி மருந்தகத்துக்குப் போக வேண்டும் என்று வழி வகுத்தார். சாராள் அம்மாள் எதிரிலேயே இருக்கிறாரே என்று ஸம்பத்குமார் வாயெடுத்தார். எதிரில் இருப்பவர் சாராள். கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் கம்பவுண்டர், அவருக்குத்தான் போக வேண்டும் என்று தேசிகன் திருத்தினார். அங்கிருந்து திரும்பத் திருவள்ளூர், இங்கிருந்து மருத்துவ ஆலோசகர் வழியாகக் கணக்கு, கணக்கிலிருந்து மதராஸ்.

சடையப்பனைக் கூப்பிட்டார்கள். நாலாவது தடவை கூப்பிட்டபோது வந்தார். உறைக்குள் கடிதத்தை மடித்து வைத்து, வாயைப் பசைபோட்டு ஒட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஊற்றி, கழகத்தின் முத்திரையை அழுத்தினார்கள். அரக்கு ஆறும்வரை எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு சடையப்பன் அதைத் தோல்பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து தபாலாபீஸுக்குப் போகச் சைக்கிளில் ஏறினார்.

முத்தம்மா அவர் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

“பாத்துப் போ நைனா. வெயிலா கீது. எங்கனா நெழல்ல குந்தி, ஒரு டீ கீ குட்ச்சிட்டுப் போ. ஒண்ணும் அவசரம் இல்ல.”